கடைசி அத்தியாயத்தை நீ கிழிக்கவில்லை

அன்புள்ள நூல்கண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், என் வலது முழங்காலையும் அவருடைய வாயையும் தவிர மற்றதெல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. அங்கே நீயும் நன்றாக இருப்பதாகத்தான் ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறாய், சொல்லும்போது முகத்தை மட்டும் காட்டுகிறாய், முப்பது வருஷமாக அளவெடுத்தே பிழைக்கிறவளுக்குக் கழுத்தைப் பார்த்தால் உடம்பு தெரியாதா. இளைத்துப் போயிருக்கிறாய். மூன்று சட்டை தைத்து அனுப்பச் சொன்னாயே, துணி இன்னும் வெட்டாமல் மேஜை மேல்தான் கிடக்கிறது, அளவெழுதி அனுப்படி என்றால் பழைய அளவே போதும்மா என்கிறாய். என் அளவு நோட்டில் உன் பக்கத்தில் இருப்பது நீ கிளம்பிய வாரம் எடுத்தது, நாலு வருஷம் ஆகிறது. அதை வைத்து வெட்டினால் இங்கிருந்து போனாளே அந்தப் பெண்ணுக்குத்தான் சரியாக இருக்கும், உனக்கு இருக்காது.

போன் இருக்கும்போது எதற்கு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ ஒரு கையால் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுகிறாய், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றை ஆரம்பிப்பதற்குள் சரிம்மா வெச்சுடறேன் என்கிறாய், நானும் சரி என்று விட்டுவிடுகிறேன். இது அப்படி விடுகிற விஷயம் இல்லை. இருபது வருஷமாக உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். சின்ன வயதில் உனக்கு நான் வாசித்த நாவலை டிவி தொடராக எடுத்திருக்கிறார்களே, மாதக் கடைசி லீவில் அதை முதலிலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறாய் இல்லையா, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் மதியம் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் நின்றபடி பிரிக்காதே, உள்ளே போய் உட்கார்ந்து படி.

முதலில் தொடர் பற்றிச் சொல்கிறேன், நீ அங்கே ஒற்றை ஆளாகப் பார்க்கப்போகிறாய், இங்கே நடந்த கூத்து உனக்குத் தெரியாது. அந்தக் கதை டிவியில் வர ஆரம்பித்ததிலிருந்து நம் தெரு ஒரு நிலையில் இல்லை. ராத்திரி ஏழரை மணிக்கு டிவி வைத்த நம் தையல் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது, பட்டன் போன சட்டையைத் தேடிப்பிடித்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், நல்ல பட்டனைத் தாங்களே பிய்த்துக்கொண்டு வருகிறவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. நம் காஜா அக்கா பட்டன் ஓட்டை போடுகிற ஊசியைக் கையில் பிடித்தபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், ஒரு ஓட்டை முடிந்திருக்காது. எதிர் மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து நிற்பார், யாராவது இருமல் மருந்து கேட்டு வந்தால் விளம்பர நேரத்தில் வரச்சொல்லிக் கையைக் காட்டுவார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிற கதாநாயகி போட்டுக்கொண்டு வருகிற வட்டக் காலர், ஓரத்தில் பொடிப்பொடியாக மடிப்பு வைத்தது, அதற்கு டெலிபோன் காலர் என்று பெயரே வந்துவிட்டது, இதுவரை நாற்பத்திரண்டு தைத்திருக்கிறேன், அதில் ஒன்று பேத்தி எடுத்த ஒருவருக்கு, அவர் ஏன் போட்டுக்கொள்ளக் கூடாது என்று நானே இன்னும் நாலு மடிப்பு கூட்டி வைத்துக் கொடுத்தேன். உன் அப்பாவோ அறுபது வருஷத்துக்கு முந்தின காதல், இன்னுமா முடியல என்று கிண்டல் செய்துகொண்டே முதல் ஸ்டூலைப் பிடித்துவிடுவார், அந்த மாடல் பஸ் அப்ப ரோட்டுக்கே வரல என்று ஒருநாள் பாதிக் காட்சியில் சண்டைக்குப் போனார், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரிடம் யார் வாய் கொடுப்பது. ஆனால் அந்த டெலிபோன் பெண் அழுதால் இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

உன் பள்ளிக்கூட லைப்ரரி டீச்சர் இருக்கிறாரே, ரிட்டயர் ஆகிவிட்டார், அவரும் தினம் வந்துவிடுவார். கடையில் அவர் ஒருவர்தான் புத்தகத்தை முழுதாகப் படித்தவர், அதனால் அவரைக் கண்டாலே எல்லாருக்கும் பயம், முடிவைச் சொல்லிவிடுவாரோ என்று. வாயத் தொறந்தீங்க, உதட்டுக்கு ரெண்டு தையல் போட்டுருவேன் என்று காஜா அக்கா முதல் நாளே எச்சரித்துவிட்டாள். டீச்சர் அப்போது என்னைப் பார்த்து, இந்த அம்மாவுக்கும்தான் தெரியும், பொண்ணுக்கு வாசிச்சே காட்டியிருக்காங்களே என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோக்கிற மாதிரி இருந்துவிட்டேன். கோக்க வேண்டிய அவசியமே இல்லை, அதில் ஏற்கனவே நூல் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒன்பது வயதில் வெட்டுகிற மேஜையிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் கட்டோடு கிடந்தாய் அல்லவா, மெஷினுக்குப் பக்கத்தில் துணி மூட்டை மேல் உன் காலைத் தூக்கி வைத்து, தினம் மதியம் ஒரு அத்தியாயம் வாசித்தேன். நான் உன்னை வயிற்றில் சுமந்தபோது ஒரு வாரப்பத்திரிகை அந்தப் பழைய நாவலை மறுபடியும் தொடராகப் போட்டது, வாராவாரம் வெட்டி எடுத்து, மெஷினிலேயே தைத்து, கோடு போட்ட பைஜாமாத் துணியில் அட்டை போட்டு வைத்திருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற பெண், நிலம் அளக்கிற சர்வேயர், மழை நாளில் அவனுக்கு அவள் தன் குடையைக் கொடுக்கிறாள், அவன் மலைப்பக்கம் வேலைக்குப் போகிறான், இரண்டு வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான், அவள் ஏழு வருஷம் இருக்கிறாள். முப்பத்தொன்பதாவது அத்தியாயத்தில் ஸ்டேஷனுக்குப் போய் உட்காருகிறாள், வண்டி வருகிற சத்தம் கேட்கிறது, எழுந்து நிற்கிறாள். அதற்கு மேல் பக்கம் இல்லை. நீ என்னைப் பார்த்தாய். கடைசி அத்தியாயத்தை நீ கைக்குழந்தையாக இருந்தபோது கிழித்துவிட்டாய், பரவாயில்லை, எனக்கு அது மனப்பாடம் என்று சொன்னேன். நீ அழ ஆரம்பித்துவிட்டாய், கிழித்ததற்கு. சமாதானப்படுத்த உடனே கதையைச் சொன்னேன்.

கண்ணு, நீ எதையும் கிழிக்கவில்லை. அந்த அத்தியாயம் அந்தப் புத்தகத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது வந்த வாரம் நான் உன்னைப் பெற்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், உன் அப்பாவிடம் மறக்காமல் பத்திரிகையை வாங்கி வைக்கச் சொன்னேன், மனிதர் வேறொரு பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார், ஏனென்றால் அதன் அட்டையில் ஒரு குழந்தைப் படம் இருந்ததாம், நம்ம பாப்பா மாதிரியே இருக்கு பாரு என்று காட்டினார். அந்த முகத்தைப் பார்த்துத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது பத்திரிகைக் கடையில் அந்த இதழ் தீர்ந்துவிட்டது. உனக்கு நான் சொன்ன முடிவு முழுக்க முழுக்க நானாகக் கட்டியது, பாவாடை விளிம்பு அடித்துக்கொண்டே கட்டியது. அவன் வண்டியிலிருந்து இறங்குகிறான், தலையில் கொஞ்சம் நரை, கையில் அவள் கொடுத்த அதே குடை, இவள் வேறொன்றும் சொல்லாமல் சாப்ட்டீங்களா என்று கேட்கிறாள். நீ எத்தனை தடவை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டாய், குடை என்ன நிறம், கம்பி உடைந்திருந்ததா, அவன் சிரித்தானா. ஒவ்வொரு தடவையும் முன்பு சொன்னது மாறிவிடக் கூடாதே என்று ஞாபகம் வைத்துச் சொன்னேன். பிறகு ஒருநாள் டீச்சர் முழுப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தபோது கை கூசியது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீயும் கேட்டதில்லை, அம்மா சொன்ன முடிவு இருக்கும்போது புத்தகம் எதற்கு என்றாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தையற்காரி பெற்ற மகள் நீ, பக்கத்தைக் கிழித்திருந்தால் தையலில் துண்டுத் தாளாவது ஒட்டிக்கொண்டிருக்காதா, ஒரு நாளாவது பார்த்தாயா? நீ பார்க்காதது நல்லவேளை என்றுதான் அப்போது இருந்தேன்.

அங்கே போய் உனக்குப் பிடித்துப்போன அந்தப் பையன் வெளியூர் கிளம்பிய அன்று வழியனுப்பப் போன நீ அவன் கையில் ஒரு குடையைக் கொடுத்தாய் என்று பிற்பாடு போனில் சொன்னாய். மழையே பெய்யாத ஊருக்குப் போகிறவனுக்குக் குடையா என்று உன் அப்பா சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், சிரித்து முடிப்பதற்குள் எனக்கு அந்தக் கதைக் குடை ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் என்று போனவன், மூன்றரை ஆகிறது. முதலில் தினம் பேசினான், அப்புறம் வாரம், அப்புறம் எப்போதாவது ஒரு வரி, உன் பிறந்தநாளுக்கு அதுவும் வரவில்லை. அவனை நான் குற்றம் சொல்லவில்லை, அவனுக்கு என்ன கஷ்டமோ. ஆனால் போன வருஷம் நான் வாயை விட்டுக் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? அவ ஏழு வருஷம் இருந்தாம்மா, என்னால ரெண்டு மூணு வருஷம் இருக்க முடியாதா என்றாய், சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அன்றைக்கு மாலை என் மெஷினில் மூன்று தடவை ஊசி உடைந்தது. இப்போது உன் லேபில் பெரிய வேலை கொடுத்து வேறு ஊருக்குக் கூப்பிடுகிறார்கள், இப்போது இருக்கிற வீட்டு விலாசம்தான் அவனுக்குத் தெரியும் என்று நீ தள்ளிப்போடுகிறாய், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறாய். லீவு போட்டு இங்கே வந்துவிட்டுப் போ என்றால் நான் இல்லாதப்ப அவன் வந்துட்டா என்கிறாய். நாலு வருஷமாக நீ வராததற்குக் காரணம் யார் என்று யோசித்தால், நான்தான். மூட்டை மேல் காலை நீட்டிக்கொண்டிருந்த குழந்தையைச் சிரிக்க வைக்கக் கட்டிய கதை, கடைசியில் என் தலையிலேயே வந்து விடிந்தது.

போன வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி. உட்கார இடமில்லாமல் ஜனங்கள் தெரு வரைக்கும் நின்றார்கள், மருந்துக்கடைக்காரர் முழு ஷட்டரையும் இறக்கிவிட்டார், அவர் அப்பா இறந்ததற்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று காஜா அக்கா என் காதில் சொன்னாள். டிவியில் மழை, ஸ்டேஷன், அந்தப் பெண் தன் டிரங்குப் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நம் டெலிபோன் காலர். வண்டி வந்து நின்றது. காஜா அக்கா என் முழங்கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டு, எறங்குவான் பாரு, இப்ப எறங்குவான் பாரு என்றாள். நான் என்னை மறந்து குடையோட எறங்குவான் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டீச்சர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். யாரும் இறங்கவில்லை. அவள் பெட்டியைத் தூக்கினாள், அந்த வண்டியில் ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், வண்டி கிளம்பிவிட்டது. வெறும் பெஞ்சைக் காட்டி முடித்துவிட்டார்கள். அவள் அங்கே வந்தது ஒருத்தனை அழைத்துப்போக இல்லையாம், போவதற்கு வந்தாளாம், டிக்கெட் எடுத்துக்கொண்டு.

முதலில் மருந்துக்கடைக்காரர் இது அநியாயம், நாங்க என்ன காசு பணமா கேட்டோம், ஒருத்தன எறக்கி விட்டா என்ன என்று டிவியோடு சண்டை பிடித்தார். காஜா அக்கா அழுதாள், அழுதுகொண்டே கை தட்டினாள், அவள் தட்டியதும் வாசலில் நின்ற பெண்களும் தட்டினார்கள். உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நல்லவேளை வண்டி நேரத்துக்கு வந்துச்சு என்றார், அவருக்கு அதுதான் கவலை. எல்லாரும் போனபிறகு டீச்சர் இருந்து, புத்தகத்துலயும் இதேதான், ஒரு வார்த்தை மாத்தாம எடுத்திருக்காங்க, உங்க பொண்ணுக்கு என்ன சொல்லி வெச்சீங்க என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பைஜாமா அட்டைப் புத்தகத்தை எடுத்து வரச்சொல்லி முப்பத்தெட்டாவது அத்தியாயத்தைத் திறந்து ஒரு இடத்தில் விரலை வைத்தார். ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன் அவள் தன் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு. ஒருத்தனை அழைத்துக்கொண்டு வரப்போகிறவள் எதற்குச் சாவியைக் கொடுக்க வேண்டும்? அந்த வரியை நான் என் வாயால் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், எனக்கு உறைக்கவில்லை. உனக்கு உறைத்தது, ஞாபகம் இருக்கிறதா? ஏம்மா சாவியக் குடுத்தா என்று காலைத் தடவிக்கொண்டே கேட்டாய். கதையில குறுக்க கேள்வி கேக்காத என்று அதட்டிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வருகிறது, வெறும் அந்த வார்த்தையோடு விட மனசு வரவில்லை. ஏன் அவனை இறக்கினேன் என்று இந்த நாலு நாளாக மெஷினை மிதித்துக்கொண்டே யோசிக்கிறேன். எனக்குப் போகிறவர்கள் எல்லாரும் திரும்பி வந்தாக வேண்டும், அவ்வளவுதான். உன் அப்பா காலையில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனால் இரவில் டிபோவிலிருந்து வந்துவிடுவார், நீ பள்ளிக்கூடம் போனால் நாலரைக்கு வந்துவிடுவாய், நான் ஓர் இடத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள், எனக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் இருந்தது. நீ போனாய், நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன், நீ வரவில்லை. ஏழரை மணிக் கூட்டத்திலும் என் பக்கத்து ஸ்டூலில் யாரையும் உட்கார விட்டதில்லை, வெட்டின துணியைப் போட்டு வைத்தேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அதை வேறு எப்படிச் சுற்றிச் சுற்றிச் சொன்னாலும் இதுதான். அவன் வந்தால் வரட்டும், வரும்போது உன் புது விலாசத்தைக் கண்டுபிடித்து வரட்டும், நிலம் அளக்கிறவன்கூட அதைச் செய்வான். ஆனால் அம்மா சொன்ன முடிவுக்காக நீ அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்காதே. அந்தப் பெண் உட்காரவில்லை. நீ அந்த வேலையை ஒத்துக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம், உன் படிப்பு, உன் புத்தி. கதை பொய் என்பது மட்டும் தெரிந்து முடிவெடு.

நீ கூப்பிட்ட போதெல்லாம் கடையை யார் பார்ப்பா, முழங்கால் வலிக்குது, பாஸ்போர்ட் இல்லை என்று சாக்குச் சொன்னேன் இல்லையா. திங்கட்கிழமை உன் அப்பாவும் நானும் போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். படத்தில் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதீங்க என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான், உன் அப்பா மட்டும் சிரித்துவிட்டதால் இரண்டாவது தடவை எடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தவர், ஏரோப்ளேனில் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். பாஸ்போர்ட், விசா எல்லாம் கைக்கு வர மூன்று மாதமாவது ஆகுமாம். அதற்குள் நீ எந்த ஊரில் இருப்பாயோ அந்த ஊருக்கு வருகிறோம், விலாசம் மாறினால் எழுது, மாறாவிட்டாலும் எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு தூங்காதே. தொடரைப் பார், நன்றாக எடுத்திருக்கிறார்கள், கடைசிப் பகுதியில் அழுகை வந்தால் அழு, பிறகு எனக்குப் போன் பண்ணு, பாத்திரத்தை அப்புறம் கழுவிக்கொள்ளலாம். நினைத்ததெல்லாம் உன் கைக்கு வந்து சேர, உடம்பும் மனசும் தேறி நீ நெடுங்காலம் நன்றாக இருக்க அம்மாவும் அப்பாவும் மனசாரச் சொல்லும் ஆசி.

இப்படிக்கு,
உன் அம்மா

மறந்துவிட்டேனே, கடைச் சாவியை இன்றைக்குக் காலையில் காஜா அக்காவிடம் கொடுத்தேன், இப்போதிருந்தே திறந்து மூடிப் பழகட்டும் என்று. சட்டைத் துணியை வெட்டவில்லை. நீ அளவு எழுதி அனுப்ப வேண்டாம். டேப்பை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.